பஸ், ரயிலை நம்பி வேலைக்குப் போகலாமா? நேரத்தையும் காசையும் சேர்த்துக் கணக்குப் போடும் வழி

பொதுப் போக்குவரத்துக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று கேட்டால் எல்லோரும் டிக்கெட் விலையைத்தான் சொல்வார்கள். அது பாதிக் கணக்கு. வண்டி சொன்ன நேரத்துக்கு வராதோ என்று பயந்து வீட்டிலிருந்து இருபது நிமிடம் முன்னதாகவே கிளம்புகிறீர்களே, அதுதான் மீதிப் பாதி. லக்சம்பர்க் நாட்டில் 2020 மார்ச் முதல் பஸ், டிராம், ரயில் எல்லாமே இலவசம் (ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும் காசு), ஆனால் அங்கேயும் வண்டி தாமதமானால் போகிற நேரம் பயணியுடையதுதான். அதனால் பெரிய நகரத்தில் புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களும், சொந்த வண்டி வாங்கலாமா பாஸ் எடுக்கலாமா என்று குழம்புகிறவர்களும், முதலில் நேரத்தை அளந்துவிட்டு அப்புறம் காசுக்கு வாருங்கள். வரிசையை மாற்றினால், மலிவாகக் கிடைத்தது என்று ஒரு பாஸை எடுத்துவிட்டு மாதம் முழுக்க ஓட்டமும் பெருமூச்சுமாகத் திரிய வேண்டியதுதான்.

முதலில் பத்து நாள் குறிப்பு

பயண ஆப்பில் போட்டுப் பார்த்தால் 45 நிமிடம் என்று காட்டும். அந்த 45-ஐ வைத்து ஒரு முடிவும் எடுக்காதீர்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் அது சொல்கிறது, உங்களுக்குத் தெரிய வேண்டியதோ ஒழுங்காக நடக்காத நாளில் என்ன ஆகும் என்பது.

பத்து வேலை நாளுக்கு போனில் மூன்று நேரங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: வீட்டுக் கதவைப் பூட்டிய நேரம், வண்டியில் ஏறிய நேரம், அலுவலக வாசலை அடைந்த நேரம். கதவிலிருந்து வாசல் வரை, நடுவில் நடந்ததும் நின்றதும் சேர்த்து. "ரயிலில் இருபது நிமிடம்தான்" என்று சொல்கிற பலர் ஸ்டேஷனுக்கு நடக்கும் நேரத்தையும், மூன்று மாடி ஏறி இறங்கும் நேரத்தையும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கிடைத்த பத்து எண்களையும் சின்னதிலிருந்து பெரிதாக அடுக்குங்கள். உதாரணத்துக்கு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 38, 40, 41, 41, 42, 43, 44, 47, 52, 65. சராசரி 45 சொச்சம். ஆப் சொன்னது சரிதான் போலிருக்கிறதே என்று தோன்றும். ஆனால் தினமும் 45 நிமிடம் முன்னால் கிளம்பியிருந்தால் பத்தில் மூன்று நாள் தாமதமாகப் போயிருப்பீர்கள். 52 நிமிடம் ஒதுக்கியிருந்தால் ஒரே ஒரு நாள்.

நீங்கள் பார்க்க வேண்டியது கடைசிக்கு முந்தைய எண்ணை. சாதாரண அலுவலக வேலைக்கு அது போதும், மாதத்தில் இரண்டு நாள் தாமதம் என்றால் பெரும்பாலான இடங்களில் பொறுத்துக்கொள்வார்கள். ஷிப்ட் வேலை, தேர்வு, நேர்காணல், விமானம் என்றால் கடைசி எண்ணையே எடுத்து அதற்கு மேலும் கொஞ்சம் சேருங்கள். எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்கிற வேலையாக இருந்தால் சராசரியே போதும், இந்தப் பகுதியையே நீங்கள் தாண்டிப் போகலாம்.

வழக்கமான நாளில் ஆகும் 42 நிமிடத்துக்கும் நீங்கள் ஒதுக்கும் 52 நிமிடத்துக்கும் இடையில் உள்ள அந்தப் பத்து நிமிடம் இருக்கிறதே, அதுதான் வண்டியை நம்ப முடியாததற்காக நீங்கள் தினமும் கட்டும் கட்டணம். இன்னொரு தடம் எப்போதும் 48-லிருந்து 50 நிமிடத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்றால், சராசரியில் அது மெதுவான தடம், ஆனால் நேரத்துக்குப் போயாக வேண்டியவருக்கு அதுதான் வேகமான தடம். இதைக் கவனிக்காமல்தான் பலர் ஆப்பில் மேலே வருகிற வழியையே வருடக்கணக்காகப் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

பஸ் ஏன் ஜோடியாக வருகிறது

அரை மணி நேரம் ஒன்றும் வராது, அப்புறம் ஒரே எண்ணில் இரண்டு பஸ் ஒட்டிக்கொண்டு வரும். ஓட்டுநர்கள் பேசி வைத்துக்கொண்டு செய்வதாகத்தான் நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் சொல்வார்கள். உண்மையில் யாரும் ஒன்றும் செய்யாமலே இது நடக்கும். ஒரு பஸ் சிக்னலில் மாட்டி இரண்டு நிமிடம் தாமதமாகிறது, அந்த இரண்டு நிமிடத்தில் அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் கூடுகிறது, அவர்கள் ஏறி முடிக்க இன்னும் நேரமாகிறது, அதனால் அதற்கடுத்த நிறுத்தத்தில் கூட்டம் இன்னும் அதிகம். பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஏற ஆளே இல்லை, எங்கும் நிற்காமல் வந்து முன்னதைப் பிடித்துவிடுகிறது. நியூவெல், பாட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1964-லேயே இதைக் கணக்காகப் போட்டுக் காட்டிவிட்டார்கள். இன்றைக்கும் எந்த நகரமும் இதிலிருந்து முழுதாக மீளவில்லை.

இதனால் உங்கள் காத்திருப்புக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் சீராக வந்தால் நீங்கள் சராசரியாக ஐந்து நிமிடம் நிற்பீர்கள். அதே எண்ணிக்கையில் பஸ்கள் 2 நிமிடம், 18 நிமிடம், மறுபடி 2, மறுபடி 18 என்று மாறி மாறி வந்தால்? நீங்கள் நிறுத்தத்துக்கு வரும் நேரம் அந்த 18 நிமிட இடைவெளிக்குள் விழவே பத்தில் ஒன்பது வாய்ப்பு. சராசரி எட்டு நிமிடத்தைத் தாண்டிவிடும். பஸ் ஒன்றுகூடக் குறையவில்லை, அட்டவணைப்படி எல்லாமே ஓடுகிறது என்று நிர்வாகம் சொன்னாலும் அது பொய்யில்லை, ஆனால் நிற்கிற கால்களுக்குத்தான் தெரியும். லண்டனில் அடிக்கடி ஓடும் பஸ் தடங்களை "நேரத்துக்கு வந்ததா" என்று அளப்பதை விட்டுவிட்டு, சீராக வந்திருந்தால் ஆகியிருக்கும் காத்திருப்பைவிட எவ்வளவு கூடுதலாக நிற்க வேண்டியிருந்தது என்று அளக்கிறார்கள். உங்கள் நகரம் எந்த அளவை வெளியிடுகிறது என்று ஒருமுறை பாருங்கள். "95 சதவீத வண்டிகள் ஓடின" என்பது மட்டும்தான் இருக்கிறது என்றால் அதை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

இதைத் தெரிந்துகொண்டால் செய்யக்கூடியது என்ன? முதலாவது, நீண்ட இடைவெளிக்குப் பிறகு பிதுங்கி வழியும் பஸ் வந்தால் உடனே தொற்றிக்கொள்ளாமல் ஆப்பையோ சாலையையோ ஒருமுறை பாருங்கள். பின்னால் அதே எண் தெரிந்தால் அதில் ஏறுங்கள், உட்கார இடம் கிடைக்கும், பெரும்பாலும் முன்னதோடு சேர்ந்தேதான் போய்ச் சேரும். (ஒரே ஒரு ஆபத்து: இடைவெளியைச் சரிசெய்ய அந்தக் காலி பஸ்ஸைப் பாதி வழியில் திருப்பி விடுவதும் உண்டு, ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.) இரண்டாவது, தடம் தொடங்கும் இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் ஏறுகிறீர்களோ அவ்வளவு நம்பகம். பஸ் டெர்மினஸிலிருந்து கிளம்பும்போது ஒழுங்காகத்தான் கிளம்புகிறது, போகப் போகத்தான் குலைகிறது. இருபதாவது நிறுத்தத்தில் நிற்கிறவர், பத்து நிமிடம் நடந்தால் வேறொரு தடத்தின் மூன்றாவது நிறுத்தம் கிடைக்கும் என்றால் நடப்பதே மேல். போக்குவரத்துத் திட்டமிடுகிறவர்களே, நிறுத்தத்தில் நிற்கும் ஒரு நிமிடத்தை வண்டிக்குள் இருக்கும் ஒரு நிமிடத்தைவிட ஒன்றரை, இரண்டு மடங்காகத்தான் கணக்கில் எடுக்கிறார்கள், மனிதனுக்கு அப்படித்தான் கனக்கிறது.

மெட்ரோ, புறநகர் ரயில் இதில் வேறு ரகம். தனிப் பாதை, சிக்னலில் கார்கள் இல்லை, அதனால் அன்றாடச் சின்னத் தாமதம் குறைவு. ஆனால் கெட்டால் முழுதாகக் கெடும். ஒரு ரயில் பழுதாகி நின்றால் பின்னால் வருகிற எதுவும் நகராது. ஆகவே ரயிலை நம்புகிறவருக்குத் தினமும் பத்து நிமிடம் முன்னால் கிளம்புவதைவிட, கெட்ட நாளில் எந்த ஸ்டேஷனில் இறங்கி எந்த பஸ்ஸைப் பிடிப்பது என்று முன்பே ஒருமுறை போய்ப் பார்த்து வைத்திருப்பது அதிக உதவி.

மாறி ஏறும் இடம்தான் ஆபத்து

ஒரு வண்டி பத்தில் ஒன்பது நாள் நேரத்துக்கு வருகிறது என்றால் நல்ல வண்டிதான். இரண்டு அப்படிப்பட்ட வண்டி மாற வேண்டியிருந்தால் இரண்டுமே ஒழுங்காக அமைவது பத்தில் எட்டு நாள், மூன்று என்றால் ஏழு நாள் சொச்சம். வேகமான வழி என்று ஆப் காட்டும் மூன்று வண்டி வழியில் பெரும்பாலும் இந்தச் சிக்கல் இருக்கும்.

ஆனால் எல்லா மாற்றமும் ஒன்றில்லை, எதிலிருந்து எதற்கு மாறுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். அரை மணிக்கு ஒரு முறை வரும் பஸ்ஸிலிருந்து நாலு நிமிடத்துக்கு ஒரு முறை வரும் மெட்ரோவுக்கு மாறினால் பயமே இல்லை, ஒன்றை விட்டால் நாலு நிமிடம் போகும், அவ்வளவுதான். அதையே திருப்பிப் போட்டால், மெட்ரோ ஒரு நிமிடம் பிந்தினாலும் அரை மணி நேரம் போச்சு. அதனால்தான் காலையில் சுலபமாக இருக்கும் அதே வழி சாயங்காலம் திரும்பும்போது பாடாய்ப் படுத்துகிறது. புது வழியைச் சோதிக்கிறவர்கள் காலைப் பயணத்தை மட்டும் பார்த்துவிட்டு ஏமாறும் இடம் இது. சாயங்காலத்துக்குக் கணக்கை முடிவிலிருந்து போடுங்கள்: கடைசியில் பிடிக்க வேண்டிய அந்த அரை மணி பஸ் எத்தனை மணிக்கு, அதற்கு ஒரு மெட்ரோ முன்னதாகவே போய் நிற்க அலுவலகத்தை எப்போது விட வேண்டும் என்று பின்னோக்கிப் போங்கள். இல்லாவிட்டால் கடைசித் துண்டுக்கு பஸ்ஸையே விட்டுவிட்டு நடையோ சைக்கிளோ என்று மாற்றிக்கொள்ளுங்கள், மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் சைக்கிளை எந்த அரை மணி பஸ்ஸும் ஜெயிக்காது.

கடைசி வண்டி பற்றி ஒரே விதி: கடைசிக்கு முந்தையதையே கடைசி வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆப் சொல்வதில் எதை நம்புவது

2005-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து கால அட்டவணையை ஒரு பொதுவான கோப்பு வடிவத்தில் கொடுக்கும் முறையைத் தொடங்கினார்கள், இன்று உலகம் முழுக்கப் பெரும்பாலான பயண ஆப்கள் படிப்பது அந்த வழியில் வந்த கோப்பைத்தான். அது அட்டவணை மட்டும். வண்டி இந்த நிமிடம் எங்கே இருக்கிறது என்பது தனித் தரவு, அதற்கான வடிவம் 2011-இல்தான் வந்தது, அதை எல்லா நகரமும் கொடுப்பதில்லை, கொடுக்கிற நகரத்திலும் எல்லா வண்டிக்கும் இருப்பதில்லை. ஆகவே ஆப்பில் "6 நிமிடம்" என்று பார்த்தால் அது நேரலையா, வெறும் அட்டவணையா என்று பாருங்கள். பெரும்பாலான ஆப்களில் நேரலைக்குத் தனி நிறமோ சின்ன அலை போன்ற குறியோ இருக்கும். அந்தக் குறி இல்லாத 6 நிமிடம், சுவரில் ஒட்டிய அட்டவணைக்குச் சமம்.

பேய் பஸ் என்று ஒன்று உண்டு. 5, 3, 1, "வந்துவிட்டது" என்று எண்ணிக்கொண்டே போய், சாலையில் ஒன்றும் வராமல் திரையிலிருந்து மறைந்துவிடும். பெரும்பாலும் அந்த பஸ்ஸை ரத்து செய்துவிட்டு அதைக் கணினியில் பதியாமல் விட்டதால் வருவது. ஒரு தடத்தில் இது அடிக்கடி நடந்தால், அந்தத் தடத்துக்கு ஆப்பையே நம்பாதீர்கள், அதற்கடுத்த வண்டியைத்தான் உங்கள் வண்டியாகக் கணக்கில் வையுங்கள்.

இப்போது காசு

பாஸா, ஒவ்வொரு தடவையும் டிக்கெட்டா? கணக்கு எளிது: பாஸ் விலையை ஒரு தடவைக் கட்டணத்தால் வகுங்கள். வருகிற எண்ணைவிட அதிகமாகப் பயணம் செய்தால் பாஸ். 36 என்று வந்தால், மாதம் 22 நாள் போய் வருகிறவருக்கு 44 பயணம், லாபம். வாரம் மூன்று நாள் மட்டும் அலுவலகம் போகிறவருக்கு 26 பயணம்தான், பாஸ் நஷ்டம். இங்கே எல்லோரும் தவறுவது பயணங்களை எண்ணுவதில், போக நினைக்கிற நாட்களை எண்ணுகிறார்களே தவிர போன நாட்களை எண்ணுவதில்லை. விடுப்பு, பண்டிகை, காய்ச்சல், வீட்டிலிருந்து வேலை எல்லாம் கழித்துவிட்டுப் பாருங்கள், போன மாதத்து கார்டு கணக்கை எடுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அதே சமயம் வண்டி மாறினால் மறுபடி காசு பிடிக்கும் ஊராக இருந்தால் ஒரு பயணத்துக்கே இரண்டு கட்டணம், அங்கே பாஸ் சீக்கிரமே லாபமாகும்.

பாஸுக்கு இன்னொரு மதிப்பும் இருக்கிறது, அதை யாரும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. பாஸ் கையில் இருந்தால் வருகிற எந்த வண்டியிலும் ஏறலாம், இரண்டு நிறுத்தம் போய் இறங்கி வேறு தடத்துக்கு மாறலாம், காசு போகுமே என்று தயங்க வேண்டாம். ஒரு வண்டிக்காக நிற்பதற்குப் பதிலாக நாலு வண்டியில் எது வந்தாலும் போகலாம் என்பது நேரடியாகக் காத்திருப்பைக் குறைக்கிறது. கணக்கில் கொஞ்சம் நஷ்டமாக வந்தாலும், பல தடம் ஓடும் சாலையில் இருப்பவருக்கு நான் பாஸையே சொல்வேன்.

மாதப் பாஸ் காலண்டர் மாதத்துக்கா, வாங்கிய நாளிலிருந்து 30 நாளுக்கா என்று பாருங்கள். 30 நாள் என்றால் நீண்ட விடுமுறை முடிந்து திரும்பும் அன்று தொடங்குங்கள், விடுமுறைக்கு முந்தைய வாரம் அல்ல. வருடப் பாஸ் என்றால் நடுவில் வேலை மாறினால் எவ்வளவு திரும்பத் தருவார்கள் என்பதைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

சில நகரங்களில் உச்சவரம்பு முறை இருக்கிறது, லண்டனில் 2005-லேயே ஆய்ஸ்டர் என்ற பயண கார்டில் தினசரி வரம்பு கொண்டுவந்தார்கள். ஒரு நாளில் குறிப்பிட்ட தொகை வரைதான் பிடிக்கும், அதற்கு மேல் எத்தனை தடவை போனாலும் காசு இல்லை. உங்கள் ஊரில் வார வரம்பும் இருந்தால் பாஸ் பற்றிய தலைவலியே வேண்டாம். ஆனால் ஒரே கார்டையே தட்ட வேண்டும். காலையில் கார்டு, மதியம் போன், சாயங்காலம் வாட்ச் என்று தட்டினால், மூன்றும் ஒரே வங்கிக் கணக்காக இருந்தாலும், இயந்திரத்துக்கு நீங்கள் மூன்று ஆள். வரம்பு எதிலும் எட்டாது.

இறங்கும்போது தட்ட வேண்டிய ஊரில் தட்ட மறந்தால் பெரும்பாலும் அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிடுவார்கள். வாரம் ஒரு முறை கார்டு கணக்கைப் பார்த்தால் இது தெரியும், பல ஊர்களில் கேட்டால் திருப்பித் தருகிறார்கள், கேட்காவிட்டால் யாரும் தர மாட்டார்கள். நெரிசல் நேரத்துக்குத் தனிக் கட்டணம் இருந்தால் ஏறும் நேரத்தை எடுக்கிறார்களா, இறங்கும் நேரத்தையா என்று தெரிந்துகொள்ளுங்கள், ஐந்து நிமிட வித்தியாசத்தில் தினமும் மிச்சமாகும். ஊரை மண்டலங்களாகப் பிரித்துக் கட்டணம் வைத்திருக்கும் இடத்தில் மண்டல எல்லைக்கு ஒரு நிறுத்தம் தள்ளி வீடு இருந்தால் அந்த ஒரு நிறுத்தத்தை நடந்து பாருங்கள். லண்டன் சுரங்க ரயிலில் நிர்வாகத்தின் காரணத்தால் 15 நிமிடம் தாமதமானால் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கலாம், ஜப்பானில் ரயில் நிறுவனங்களே அலுவலகத்தில் காட்ட தாமதச் சான்றிதழ் தருகின்றன. உங்கள் ஊரிலும் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று விதிகளில் தேடிப் பாருங்கள்.

டாக்ஸிக்கு ஒரு பங்கு

பொதுப் போக்குவரத்தில்தான் போவேன் என்று முடிவெடுத்தால் டாக்ஸிக்குப் பணம் ஒதுக்கக் கூடாது என்று அர்த்தமில்லை. மாறாக, கண்டிப்பாக ஒதுக்குங்கள். டாக்ஸிக்குப் பத்து டிக்கெட் காசு ஆகும், மாதம் இரண்டு முறை தேவைப்படும் என்றால் இருபது டிக்கெட் காசு. கெட்ட நாளில் டாக்ஸி பிடித்துக்கொள்ளலாம் என்று அதை ஒதுக்கிவிட்டால் தினமும் இருபது நிமிடம் முன்னால் கிளம்புவதைப் பத்து நிமிடமாகக் குறைக்கலாம், போக வர இரண்டு வேளையும் என்றால் மாதம் ஏழு மணி நேரத்துக்கு மேல் கைக்கு வரும். அந்த நேரம் அந்தக் காசுக்குப் பெறுமா என்பது உங்கள் சம்பளத்தையும் தூக்கத்தையும் பொறுத்தது. நாள் கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் தாமதமே ஒரு நாள் சம்பளம், அவருக்கு டாக்ஸி மலிவாகக்கூட வரும்.

சொந்த வண்டியோடு ஒப்பிடும்போது பெட்ரோலை மட்டும் எதிரே வைக்காதீர்கள். தவணை, காப்பீடு, பழுது, பார்க்கிங், வருடா வருடம் விலை இறங்குவது எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டால் வகுத்து, பாஸும் டாக்ஸிப் பங்கும் சேர்ந்த தொகையோடு வையுங்கள். ஏற்கெனவே வண்டி இருக்கிறது, அதை விற்கப் போவதும் இல்லை என்றால் கதை வேறு. காப்பீடும் தவணையும் எப்படியும் போகும், அப்போது பெட்ரோலையும் பார்க்கிங்கையும் மட்டும் டிக்கெட்டோடு ஒப்பிடுவதுதான் நியாயம்.

வீடு பார்க்கும்போதே

இதையெல்லாம் மிச்சப்படுத்த ஒரே வாய்ப்பு வீடு மாறும்போது வருகிறது. "ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிடம்" என்று விளம்பரத்தில் இருந்தால், அந்த ஸ்டேஷனில் இரவு பத்து மணிக்கு எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று பாருங்கள். ஒரு தடத்தை மட்டும் நம்பிய வீட்டைவிட, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு தடத்துக்கு நடுவில் உள்ள வீடு நல்லது. ஒரு ரயில், ஒரு பஸ் என்றால் இன்னும் நல்லது, ஒன்று நின்றாலும் மற்றது ஓடும். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை நாள் காலை நெரிசலில் அங்கிருந்து அலுவலகம் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள், இன்னொரு நாள் இரவு எட்டு மணிக்கு மேல் அலுவலகத்திலிருந்து அங்கே திரும்பிப் பாருங்கள். வார விடுமுறை நாள் அட்டவணையையும் கேட்டுக்கொள்ளுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒன்று ஓடும் தடம் அன்றைக்கு அரை மணிக்கு ஒன்றாக இறங்கியிருக்கக்கூடும், விடுமுறை நாளிலும் வேலை இருக்கிறவர் என்றால் அந்த வீட்டின் உண்மையான வாடகை வேறு.